கரும்பு வண்டி வேகம்

நாற்பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு ஓட வேண்டும் என்று ஆசை வந்தால், முதல் காரியமாகத் தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து பஸ் ஏற வேண்டும். அரங்கநாதன் அப்படித்தான் செய்தார். விழுப்புரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து வருடக்கணக்காகப் பத்திரம் எழுதுகிறவர். மனை வாங்கியவன், விற்றவன், அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டவன், எல்லாரும் அவர் முன்னால் வந்து நின்றவர்கள்தான். அப்படிப்பட்டவர் அரைக்கால் சட்டையோடு நேருஜி சாலையில் மூச்சிரைக்க ஓடினால், எவனாவது துரத்துகிறானா சார் என்று நாலு பேர் கேட்பார்கள். மற்றவர்கள் கேட்காமல் மனசுக்குள் சிரிப்பார்கள். அதுதான் இன்னும் மோசம்.

ஆசையும் சும்மா வந்துவிடவில்லை. ஐப்பசி மாதம் பழைய சிநேகிதர் மாசிலாமணிக்கு நெஞ்சுவலி வந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்கப் போன அரங்கநாதன் இரண்டு மாடி ஏறி, வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்டு ஒரு நர்ஸம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நான் நோயாளி இல்லை, நோயாளியைப் பார்க்க வந்தவன் என்று சொல்லக்கூட அரங்கநாதனிடம் மூச்சு இல்லை. உள்ளே படுத்திருந்த மாசிலாமணிதான் தலையைத் தூக்கி, அவன் என் சிநேகிதன்தாங்க, ஒரு காலத்தில் நல்லா ஓடுவான் என்று சொல்லி மீட்டார். நர்ஸம்மா நம்பின மாதிரி தெரியவில்லை.

ஓடினது என்னவோ உண்மை. திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும்போது நாலு பேர் தொடர் ஓட்டத்தில் அரங்கநாதன் மூன்றாவது ஆள், மாசிலாமணி கடைசி ஆள். மாசிலாமணி ஓடினால் காற்றுதான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓட ஆரம்பிக்க வேண்டும். கொடுப்பவன் வந்து கையில் வைப்பான், அவ்வளவுதான் கணக்கு. மாசிலாமணி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார். மாஸ்டர் தொண்டை வறளக் கத்தியும் திருந்தவில்லை. இவன் வருகிறானா, நடுவழியில் நின்றுவிட்டானா என்று எனக்கு எப்படி சார் தெரியும் என்று எதிர்க்கேள்வி வேறு. அந்தச் சந்தேகத்தாலேயே கைக்கு வந்த பரிசு போனது என்று அரங்கநாதனுக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு.

அந்தக் காற்றுதான் இப்போது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் வயல் நடுவே இருக்கும் தன் கொல்லை வீட்டுக்குப் போனவர், அதோடு வெளியே வரவில்லை. தினமும் காலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாசிலாமணியின் மனைவி இளவரசி போனில் அழுதாள்.

"கேட்டத் தாண்ட மாட்டன்றாருண்ணா. நடந்தா நெஞ்சு நின்னுடுமாம். நட்ட நடுப் பாதையில விழுந்து கெடந்தா யாரு தூக்குறதுன்னு கேக்குறாரு. கரும்பு வெட்டுக்குக்கூட எட்டிப் பாக்கல. இப்டியே உக்காந்துக்கினு இருந்தா அந்த மனுசன் அப்டியே போய்டுவாருண்ணா."

அரங்கநாதன் போன் செய்தால் மாசிலாமணி எடுப்பதில்லை. எடுத்தாலும், இருக்கேன்டா என்பதோடு சரி. சொல்லிப் பார்த்து ஆகாதவனுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று அரங்கநாதன் முடிவு செய்தார். தன் போனில் ஓட்டக் கணக்கு போடும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டார். ஓடின தூரமும் வேகமும் தானாகவே சிநேகிதர்களின் போனுக்குப் போய்விடும். இளவரசியிடம் சொல்லி மாசிலாமணி போனிலும் அதையே போட வைத்தார். நான் ஓடுவதைப் பார்த்து அவனுக்கு ரோசம் வரட்டும் என்பது திட்டம். திட்டமெல்லாம் பிரமாதம். ஓடத்தான் ஆள் வேண்டும்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடிந்ததும் விழுப்புரத்தில் பஸ் ஏறி விக்கிரவாண்டியில் இறங்கினார். அங்கிருந்து வீட்டைப் பார்த்து ஓட்டம். பாக்கெட்டில் பணம் இருந்தால் புத்தி பஸ்ஸைத் தேடும் என்று பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான். ஆப்பைத் தட்டிவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, பக்கச் சாலையில் ஓட ஆரம்பித்தார். முதல் மதகு வரைக்கும் ஓடினார். இரண்டாவது மதகு வரைக்கும் நடந்தார். அதற்கப்புறம் மதகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, இரண்டு டிரெய்லரில் கரும்பை மலையாக ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் வல்லரசு என்று ஒரு மீசைக்காரர். வேகத்தைக் குறைத்து, இன்னா சார் வண்டி பஞ்சரா என்று கேட்டார். வண்டியில்லைப்பா, நானேதான் பஞ்சர் என்றார் அரங்கநாதன். ஏறிக்கொள்ளச் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் டிரைவர் பக்கத்தில் சக்கரத்து மட்காடு மேல் ஏறி உட்கார்ந்தார். வல்லரசு பின்னாலிருந்து ஒரு கரும்பை உருவி முறித்துக் கொடுத்தார். ஆலைக் கரும்பு பல்லைப் பதம் பார்த்தது. ஆனால் என்ன இனிப்பு! யார் கொல்லைக் கரும்போ, புண்ணியவான் நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே கடித்தார். பேச்சுவாக்கில் தன் பேர், தொழில், ஓட வந்த கதை எல்லாவற்றையும் சொன்னார். காற்று சிலுசிலுவென்று அடித்தது. உடற்பயிற்சி இவ்வளவு சுகமானது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஆலை வாசலில் இறங்கி, மனைவி புனிதாவை ஸ்கூட்டியில் வரச் சொல்லலாம் என்று போனை எடுத்தபோதுதான் ஆப்பை நிறுத்தவே இல்லை என்பது தெரிந்தது. பதறிப்போய் நிறுத்தினார். நிறுத்தியதும் அது ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டது. பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும், எந்த மனிதன் அவ்வளவு வேகத்தில் ஓடுகிறான்? கரும்பு டிராக்டர் அப்படியில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு அது போகிற வேகமும், நன்றாகப் பழகின ஒருவன் ஓடுகிற வேகமும் கச்சிதமாக ஒன்று. விக்கிரவாண்டியிலிருந்து முண்டியம்பாக்கம் வரைக்கும் அரங்கநாதன் சிங்கம் போல ஓடி வந்ததாகப் பதிவாகியிருந்தது. பத்திரம் எழுதுகிறவர் வாழ்க்கையில் பண்ணின முதல் போலிப் பத்திரம் அது.

ஸ்கூட்டியில் வந்த புனிதா அவர் மோவாயில் ஒட்டியிருந்த கரும்புச் சக்கையைத் துடைத்துவிட்டாள். வழியெல்லாம் அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் பழைய சிநேகிதர்களிடமிருந்து பாராட்டு குவிந்துவிட்டது. உண்மையை எழுதலாம் என்று அரங்கநாதன் எத்தனை முறை போனை எடுத்தார், எத்தனை முறை வைத்தார் என்பது புனிதாவுக்குத்தான் தெரியும். சாயங்காலம் மாசிலாமணியே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை. எடுத்ததும் பேச்சே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அரங்கநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று மாதமாகக் கேட்காத சத்தம்.

"நீயே இந்த ஓட்டம் ஓடுறன்னா, நானும் நாளையிலருந்து நடக்குறேன்டா" என்றார் மாசிலாமணி.

இதற்கப்புறம் எப்படிச் சொல்வது? டிராக்டர் என்று வாயைத் திறந்தால் அந்த நடை நின்றுபோகும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அரங்கநாதன், நடடா மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். சொன்னபடி மறுநாள் காலையில் மாசிலாமணி பேரில் ஒரு நடை வந்து விழுந்தது. சின்ன நடைதான். அதைப் பார்த்து அரங்கநாதன் அழுதேவிட்டார். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. அவன் நடக்க நடக்க இவர் ஓடித்தான் ஆக வேண்டும். தினமும் டிராக்டருக்கு எங்கே போவது? வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விழுப்புரத்திலேயே கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மைதானத்தில் இறங்கினார். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். கேட்டார்கள். சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கே சலித்துப்போய்விட்டது. நாய்களுக்கு மட்டும் சலிக்கவில்லை. முதலில் ஒரு சுற்று ஓடினால் இரண்டு சுற்று நடை. முழங்கால் தனியாக அழுதது, முதுகு தனியாக அழுதது. காலையில் இட்லி அடுக்குவது நின்று கேப்பைக் கூழ் வந்தது. கட்டை விரல் நகம் கறுத்து, ஒருநாள் தலையணை உறையில் கழன்று கிடந்தது. அதைப் பார்த்த புனிதா, இதையும் ஆப்பில் போடுங்கள் என்றாள்.

விட்டுவிடலாம் என்று தோன்றாத நாள் இல்லை. மாசியில் ஒருநாள் விடிய விடிய மழை. போர்வைக்குள் சுருண்டபடி, இன்றைக்கு எவன் கேட்கப்போகிறான் என்று போனைப் பார்த்தார். மாசிலாமணி அந்த மழையிலும் நடந்திருந்தார், முன்னைவிட நீளமாகவே. இருதயத்தில் கம்பிச் சுருள் வைத்துக்கொண்டிருக்கிறவன் நடக்கிறான், எனக்கென்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து போனார். அப்படியே ஒரு காலையில், பாதி மைதானம் தாண்டின பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்தார். கால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபது வயதில் இருந்த அந்தப் பழைய சந்தோஷம், எங்கேயோ போயிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்திருந்தது. அன்றைக்கு ஒரு சுற்று கூடுதலாக ஓடினார்.

மாசிலாமணியின் நடை நாளுக்கு நாள் நீண்டது, வேகமும் கூடியது. அரங்கநாதனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. சேர்ந்து ஒருநாள் நடக்கலாம், நான் வருகிறேன் என்றால் மட்டும், இப்போது வேண்டாம்டா என்று மாசிலாமணி நழுவினார். இளவரசியைக் கேட்டால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிடுவாள். அரங்கநாதன் பார்த்தார். நேரில் போய், கூட நடந்து, அந்த டிராக்டர் விஷயத்தையும் சொல்லித் தொலைத்துவிட்டால் மனசு லேசாகும் என்று பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமலே முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

திண்டிவனத்தில் இறங்கி, ஓமந்தூர் போகிற பஸ் பிடித்து, கொல்லைப் பாதையில் அவர் நடந்தபோது வெயில் ஏறவில்லை. ஒரு பக்கம் மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலை, மறுபக்கம் இன்னும் வெட்டாத கரும்பு. எதிரே புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கையை வீசி வீசி இளவரசி வேக நடை நடந்து வந்தாள். வலது கையில் போன். அது மாசிலாமணியின் போன்.

அரங்கநாதனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். போனை முந்தானைக்குள் மறைத்தாள். மறைத்து என்ன செய்ய?

"அன்னிக்கி உங்ககிட்ட சிரிச்சிப் பேசனாரில்லண்ணா, மறுநாள் காலையில எழுந்து கேட்டு வரைக்கும் போனாரு" என்றாள். "கேட்டப் புடிச்சிக்கினு நின்னாரு. ஒடம்பெல்லாம் நடுங்குது. திரும்பி வந்து உக்காந்துக்கினு, அரங்கன்கிட்ட நடக்குறேன்னு சொல்லிட்டேனேன்னாரு. அந்த மூஞ்சியப் பாக்க முடியலண்ணா. குடுங்க, நான் போய்ட்டு வர்றேன்னு வாங்கிக்கினு வந்துட்டேன். அப்டியே பழகிப்போச்சி."

அப்படியானால் மழையில் நடந்தது, தூரம் கூட்டினது, எல்லாம் இவள். எனக்கு முட்டி வலி போய்விட்டது, நடக்க வேண்டியவர் கட்டிலிலேயே கிடக்கிறார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரங்கநாதனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? பயம்தான் வந்தது. இத்தனை நாளும் அவன் ஒரு அடிகூட நடக்கவில்லை.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டார். அரங்கநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் என் கதையைக் கேள் என்று விக்கிரவாண்டி, மதகு, டிராக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டுப் பார்த்தால் மாசிலாமணிக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கரும்பு யாருதுன்னு நெனச்ச?" என்றார். "என் கொல்லைக் கரும்புடா. வல்லரசு என் லோடுதான் ஏத்திக்கினு போனான். பத்திரம் எழுதுறவராம், ஓட வந்தவராம், மட்காடு மேல குந்திக்கினு கரும்பு கடிச்சாராம்னு அன்னிக்கே வந்து சொல்லிட்டான். அதுக்குத்தான்டா அந்தச் சிரிப்பு சிரிச்சேன்."

புண்ணியவான் நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தினது இவனைத்தானா? சரி, அது போகட்டும், அதற்கப்புறம் தினமும் ஓடினேனே என்றார் அரங்கநாதன்.

"எந்த டிராக்டர்ல?" என்றார் மாசிலாமணி.

இங்கேதான் அரங்கநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு மாதம், நாய்க்கடிக்குத் தப்பி, நகம் போய், கூழ் குடித்து, ஊர் சிரிக்க ஓடினவர். நிஜமாகவே ஓடினேன்டா என்று சத்தியம் செய்தார். ஷூவைக் கழற்றி நகம் இல்லாத விரலைக் காட்டினார். அதில் அம்மிக்கல் விழுந்திருக்கும் என்றார் மாசிலாமணி. நீயும் ஆள் வைத்து ஓட்டுகிறாய், நானும் ஆள் வைத்து நடக்கிறேன், கணக்கு சரியாகப் போய்விட்டது என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பரிசைத் தொலைத்தவன், இன்றைக்கும் அதே சந்தேகப் பிறவிதான்.

"பாருடா அப்ப" என்று சொல்லி, ஷூவை மாட்டிக்கொண்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு அரங்கநாதன் கேட்டைத் திறந்து ஓட ஆரம்பித்தார். கோபத்தில் ஓடினதால் கால் நன்றாகவே வந்தது. பாதை நேராகப் போய் கரும்புக் கொல்லையை ஒட்டித் திரும்பியது. திரும்பினால் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியாது. திரும்பினார்.

கொஞ்ச தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து மாசிலாமணி குரல் வந்தது.

"டேய், ஓடுறியா, நின்னுட்டியா?"

அரங்கநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார். வேகத்தைக் குறைத்துக் கரும்புத் தோகையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். மாசிலாமணி நாற்காலியில் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கம்பியை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். அப்போதும் தெரியவில்லை. இன்னும் நாலடி வந்தார். வாசலில் இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு, அசைந்தால் காரியம் கெட்டுவிடும் என்பது போல நின்றாள்.

நின்றால் அவனும் நின்றுவிடுவான். அரங்கநாதன் மறுபடியும் ஓட்டம் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வரப்போரம் தென்னை நின்ற இடம் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி கரும்பு முனையைச் சுற்றி வந்தார். லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"பாத்தியா, நின்னுட்ட. நான் சொல்லல?" என்றபடி தென்னை வரைக்கும் வந்து நின்றார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். கேட்டு தெரியவில்லை. வீட்டின் ஓடு மட்டும் கரும்புக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. அவர் முகம் மாறியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"அரங்கா, அடிச்சிக்குதுடா" என்றார்.

அரங்கநாதனுக்கும் அடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பிடிக்கக் கை பரபரத்தது. பிடித்தால் அவனை மறுபடியும் நோயாளியாக்கின மாதிரி ஆகும் என்று கையைக் கட்டிக்கொண்டார். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். மாசிலாமணி கண்ணை மூடி, உள்ளே கேட்டுப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப அடிக்கட்டும்டா. அதுக்குத்தான அது இருக்குது" என்றார் அரங்கநாதன்.

மல்லாட்டைக் கொல்லையில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. மாசிலாமணி மெதுவாக நெஞ்சிலிருந்து கையை எடுத்து, லுங்கியை மடித்துக் கட்டினார். அந்தக் கோடியில் தெரிந்த மோட்டார் கொட்டகையைப் பார்த்தார். பிறகு அரங்கநாதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தாண்ட வரைக்கும் எவன் வேணா ஓடுவான்" என்றார். "கொட்டா வரைக்கும் ஓடு, நம்புறேன். நடுவுல நின்னன்னு வையி, ஒதைதான். நான் பாத்துக்கினேதான் வருவேன்."

அரங்கநாதன் ஓட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஓடினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.